தெரியாமல் நடந்த சாவும் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பதில் அடங்குமா?

பத்துக் கட்டளைகளில் ஒன்றான இந்தக் கற்பனை (கட்டளையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேண்டுமென்றே செய்யும் கொலையை மட்டும்தான் சொல்கிறதா, தெரியாமல் ஒருவர் சாவுக்குக் காரணமானால் அதுவும் சேருமா, கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொது அறிவுக்காகக் கேட்கிறவர் 'தெரியாமல்' என்ற வார்த்தையைப் போட மாட்டார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள்.

எனக்கு நடந்தது. பெயரை மறைத்து எழுதுவதும் அதனால்தான்.

2009இல் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் ஏற்றி, விடிவதற்குள் திருநெல்வேலி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். மணி நாலரை இருக்கும். எதிரே ஒரு பஸ் வெளிச்சத்தைக் குறைக்காமல் வந்தது. கண் கூசியதும் வண்டியை இடப்பக்கம் ஒடித்தேன். அந்த ஓரத்தில் ஒரு பெரியவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

இறங்கி ஓடிப் பார்த்தபோது கேரியரில் அவர் கட்டியிருந்த முருங்கைக்கீரைக் கட்டுதான் முதலில் கண்ணில் பட்டது. ஈரச் சாக்கைச் சுற்றி, வாழைநாரால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு இலைகூடச் சிதறவில்லை. அவரைத் தூக்கி வாழைத்தார்களுக்கு நடுவே படுக்க வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 304ஏ பிரிவில் வழக்கு. நான்கரை வருடம் அலைந்தேன். கடைசியில் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரேயம் பற்றி எழுதுவதெல்லாம் எங்கள் சபை ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லிக் கொடுத்தது. படித்தவர்கள் குற்றம் கண்டுபிடித்தால் திருத்திக்கொள்கிறேன்.

இந்தக் கற்பனை வேதாகமத்தில் யாத்திராகமம் 20:13இல் வருகிறது. அங்கே இருக்கும் எபிரேய வினைச்சொல் 'ராட்சாக்'. ஆடு மாடு அறுப்பதற்கு அந்தச் சொல் வராது. போரில் எதிரியைக் கொல்வதற்கும் பொதுவாக வேறு சொற்கள்தான். அதனால் கறி சாப்பிடுகிறீர்களே என்ற கேள்வி இந்தக் கற்பனையோடு சேராது. இதை வைத்துக்கொண்டு பலர், "அப்படியானால் திட்டமிட்ட கொலை மட்டும்தான், நமக்குச் சம்பந்தமில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முடித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அதே பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில், கை தவறிக் கொன்றவனுக்கும் அதே சொல்தான் வருகிறது. உபாகமம் 19இல் அதற்கு உதாரணமும் இருக்கிறது. இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். முன்பகை எதுவும் கிடையாது.

கோடரியை ஓங்கியவன் அதற்காகச் சாக வேண்டியதில்லை. கேதேஸ், சீகேம், எபிரோன், பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு அடைக்கலப் பட்டணங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றும் நடக்காதது மாதிரி வீட்டுக்குத் திரும்பவும் முடியாது. பிரதான ஆசாரியன் (யூதர்களின் தலைமைக் குரு) சாகும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பணம் கட்டி முன்னதாக ஊர் திரும்பவும் வழியில்லை. பகை வைத்துக் கொன்றவனும் இவனும் ஒன்றல்ல, அதே நேரம் ஒரு உயிர் போனது போனதுதான் என்று அந்தச் சட்டம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. என்னை அவ்வளவு சரியாக யாரும் அதுவரை விவரித்ததில்லை. ஐயர் இதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, "நமக்குப் பிரதான ஆசாரியர் மரித்தாச்சு தம்பி" என்றார். புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் இயேசுவை அந்தப் பெயரில்தான் சொல்கிறது. அன்றைக்குத்தான் சம்பவத்துக்குப் பிறகு முதல்தடவையாக முழு ராத்திரியும் தூங்கினேன்.

மரண தண்டனை, போர் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அதில் கிறிஸ்தவர்கள் ஒரே கருத்தில் இல்லை. அரசாங்கத்துக்குத் தண்டிக்கும் பட்டயம் (வாள்) உண்டு என்று ரோமர் 13ஐக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மென்னோனைட் சபையார் ஆயுதமே தொடக் கூடாது என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் போப் பிரான்சிஸ் காலத்தில், மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று தன் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியது. எனக்கு அதில் பெரிய வாதம் கிடையாது.

எனக்கு வாதம் இருப்பது எங்கள் சபையில். வழக்கு நடந்த காலத்தில் கமிட்டியில் இருந்த ஒருவர், எனக்குத் திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) கொடுக்கக் கூடாது, கையில் ரத்தம் இருக்கிறது என்றார். அவரே சபைத் தேர்தலில் தோற்றதற்காக எதிரணிக்காரர்மேல் மூன்று வழக்குப் போட்டவர். ஆலய வாசலில் நின்று அந்த மனிதரைத் தாயோடு சேர்த்துத் திட்டியதை நான் காதால் கேட்டேன். ஆலயத்துக் கூரை ஒழுகும்போது தேர்தலுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்துதான் வருகிறதோ. மத்தேயு 5இல் இயேசு இதே கற்பனையை எடுத்து, சகோதரனை 'வீணன்' என்று சொல்லுகிறவன் சங்கத் தீர்ப்புக்கும், 'மூடனே' என்கிறவன் எரிநரகத்துக்கும் ஏதுவாவான் என்கிறார். 'நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்' என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் அந்த 'நியாயமில்லாமல்' என்ற வார்த்தையே இல்லையாம். கோபப்படுகிற ஒவ்வொருவனுக்கும் தன் கோபம் நியாயமாகத்தானே தெரியும்? இதை எழுதும்போது அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதுவும் இந்தக் கற்பனைக்குள் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என் அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அம்மா தரங்கம்பாடி வழி லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழி வந்த சபை). இதை அப்பா ஆறாம் கற்பனை என்பார், அம்மா ஐந்தாம் கற்பனை என்பார். லுத்தரன்களும் கத்தோலிக்கரும் எண்ணுகிற வரிசை வேறு. சிறுவயதில் அம்மா லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை (கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடம்) மனப்பாடம் செய்ய வைத்தார். 1529இல் எழுதியது. அடுத்தவன் உடலுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு, அவன் உயிருக்கும் உடலுக்கும் வேண்டிய நேரத்தில் உதவியும் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கற்பனைக்கு அதில் இருக்கும் விளக்கம். அர்த்தம் புரியாமல் ஒப்பித்தேன். உபாகமம் 22:8ஐ வாசித்தபோதுதான் புரிந்தது. புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தால் ரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது அந்த வசனம்.

கோர்ட்டில் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் வண்டியின் இடப்பக்க ஹெட்லைட் பல்பு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நூறு ரூபாய்ச் சாமான். இன்று மாற்றலாம், நாளை மாற்றலாம் என்று லோடு ஏற்றிக்கொண்டே இருந்தேன். இடித்ததில் அந்த லைட்டே நொறுங்கிவிட்டதால், வண்டியைப் பார்த்த ஆய்வாளரின் அறிக்கையில் 'இடது முகப்பு விளக்கு சேதம்' என்று மட்டும்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. என் கைப்பிடிச் சுவர் அந்தப் பல்புதான்.

'விடுதலை ஆனவன் ஏன் இன்னும் புலம்புகிறாய்' என்று சிலர் எழுதுவீர்கள். இந்தக் கற்பனை கொலைகாரர்களை மட்டும் பார்த்துச் சொன்னது என்று இனி என்னால் வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு நடந்ததில் உங்கள் பக்கம் இப்படி ஒரு பல்பு இல்லாமலும் இருக்கலாம். இல்லையென்றால் இல்லாத பாரத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வழக்கு முடியும்வரை அந்த வீட்டுப் பக்கம் போகவே கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். தீர்ப்பு வந்த பிறகு போனேன். பெரியவரின் மனைவி உள்ளே கட்டிலில் இருந்தார், வெளியே வரவில்லை. மூத்த மகன் வாசலிலேயே நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். பல்பு விஷயத்தை அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் தெருவில் நின்ற என் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "இப்ப ரெண்டு லைட்டும் எரியுதா?"

"எரியுது அண்ணாச்சி" என்றேன்.