வீட்டுப் பட்டறைக்குப் பெரிய ஏர் கம்ப்ரசர்: நாமே கட்டலாமா, வாங்கலாமா?

பாளையங்கோட்டையில் வீட்டோடு பட்டறை, பெயின்ட் ஸ்பிரே ஓட வேண்டும் என்கிறீர்கள். மோட்டார், ஹெட் (காற்றை அழுத்தும் பகுதி), பெல்ட்டைச் சேர்த்து மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வம்பெல்லாம் டேங்கில்தான். பழைய இரும்புக் கடை டேங்க் வெளியே புதுப் பெயின்ட்டில் மின்னும். ஆனால் அழுத்திய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும்; ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து மெலிந்துவிடும். அடி வால்வைத் திறந்து, செந்நிறச் சகதி வந்தால் பேரமே பேசாதீர்கள். ஒட்டு வெல்டிங்கும் வேண்டாம். சோதிப்பதென்றால் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் கிழிந்தாலும் காற்று மாதிரி வெடித்துச் சிதறாது.

சான்றுள்ள புது டேங்க் வாங்கி நாமே கட்டினால் காசு பெரிதாக மிச்சமாகாது. என்னைக் கேட்டால், முழு செட்டாகவே வாங்கிவிடுங்கள். கடையில் பிஸ்டன் கணக்கை, அதாவது பிஸ்டன் உள்ளிழுக்கும் காற்றின் அளவைச் சொல்வார்கள். உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு, அந்த அளவைக் கேளுங்கள். அப்புறம், 3 எச்பி என்றால் சுமார் 2.2 கிலோவாட், ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் பல மடங்கு இழுக்கும். வீட்டு லைன் தாங்குமா என்று முதலில் மின்வாரியத்தில் விசாரியுங்கள்.