பாரிஸுக்கு ஏற்கெனவே ஒருமுறை பணம் கட்டிவிட்டீர்கள்!

கேள்வி: புதுச்சேரியில் தனியார் பள்ளி ஒன்றில் 20 வருடமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வயது 46. பிரான்ஸை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வரும் மே விடுமுறையில் கணவரோடு போக ஆசை. 10 நாளில் பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர், லுவார் கோட்டைகள், லியோன், அவிஞோன், நீஸ் என்று ஒரு டிராவல்ஸில் இருவருக்கும் சேர்த்து 6.4 லட்சம் கேட்கிறார்கள். 14% வட்டியில் 4 வருடத் தவணைக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 1.05 லட்சம் வருகிறது. மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இந்தப் பயணத்துக்கென்றே போட்ட ஆர்.டி. முதிர்ந்து 2.8 லட்சம் கையில் இருக்கிறது. அதில் 1.5 லட்சம் கடைக்கு வேண்டும் என்கிறான் தம்பி. 7 வருடம் முன்பு 1.8 லட்சம், 4 வருடம் முன்பு 2.4 லட்சம் என இதே பயணத்துக்குச் சேர்த்ததை அவனுக்குத்தான் கொடுத்தேன். 30,000 திரும்பி வந்தது. இந்த முறை அவனுக்கும் கொடுத்துவிட்டு, மீதிக்குக் கடன் வாங்கலாமா?

பதில்: கடன், தவணைக் கணக்கைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி நான்கு வரிதான்.

தம்பிக்குப் போன 4.2 லட்சத்தையும் வங்கியில் 7 சதவிகிதத்துக்குப் போட்டிருந்தால், திரும்பி வந்த 30,000 போக இன்று ஏறக்குறைய 5.7 லட்சம் இருந்திருக்கும். கையில் உள்ள 2.8 லட்சத்தையும் சேர்த்தால் 8.5 லட்சம். டிராவல்ஸ் கேட்கும் தொகையைக் கட்டிவிட்டு, மகளின் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணத்துக்கும் எடுத்து வைத்திருக்கலாம். ஆகவே இந்தப் பயணத்துக்கு நீங்கள் பணம் சேர்க்காமல் இல்லை. சேர்த்தீர்கள், கட்டியும் விட்டீர்கள். ரசீதுதான் தம்பி கடையில் இருக்கிறது.

இப்போது கேட்பதைக் கொடுத்தால் கையில் நிற்பது 1.3 லட்சம். மீதி 5.1 லட்சத்துக்குக் கடன். மாதத் தவணை சுமார் 14,000. 48 மாதத்தில் வட்டி மட்டும் 1.6 லட்சம். செயலாக்கக் கட்டணம் 2 சதவிகிதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் போட்டால் இன்னொரு 12,000. ஆக, தம்பிக்குக் கொடுப்பது 1.5 லட்சம், அதைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்ற நீங்கள் கட்டும் வட்டியும் கட்டணமும் 1.7 லட்சம். இதற்குப் பயணக் கடன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

1.5 லட்சத்தைக் கொடுக்காவிட்டாலும் 3.6 லட்சம் கடன் வேண்டுமே என்பீர்கள். வேண்டாம். அந்தப் பேக்கேஜே உங்களுக்கானது அல்ல.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர் வடகிழக்கு மூலை, நீஸ் தென்கிழக்கு மூலை. ஆறு ஊருக்கு 10 நாள் என்றால் பாதிப் பொழுது பெட்டி கட்டுவதிலும் பேருந்திலும் போய்விடும். இந்த மாதிரிப் பயணங்களின் விளம்பரத்தில் ‘தினமும் இந்திய உணவு’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பிரெஞ்சுச் சமையலைப் பற்றி 20 வருடம் வகுப்பெடுத்தவர் லியோனில் போய் பனீர் பட்டர் மசாலா சாப்பிடவா 6.4 லட்சம்? பேக்கேஜில் பெரிதும் விற்பது மொழி தெரியாதவரின் பயத்தை. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அதற்கான விலையை ஏன் கொடுக்கிறீர்கள்?

மூன்று ஊர் போதும்: பாரிஸ், லியோன், அவிஞோன். பாரிஸிலிருந்து லியோனுக்கு டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் 2 மணி நேரம், அங்கிருந்து அவிஞோன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட. குழந்தைகளுக்கு அவிஞோன் பாலத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். 22 வளைவுகளில் நாலுதான் மிச்சம் என்பதை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். ரோமானியர் கட்டிய போன் து கார் கால்வாய்ப் பாலமும், ஓவியர் வான்கா வாழ்ந்த ஆர்ல் ஊரும் அங்கிருந்து பக்கம்தான்.

செலவைத் தோராயமாகப் போடுகிறேன், யூரோ 105 ரூபாய் என்று வைத்து. விமானம் இருவருக்கு 1.5 லட்சம். விசா (தலைக்கு 90 யூரோ, விண்ணப்ப மையக் கட்டணம் தனி), காப்பீடு எல்லாம் 25,000. 11 இரவு, சராசரி 100 யூரோ அறை, 1.15 லட்சம், பாரிஸில் கூடும், அவிஞோனில் குறையும். முன்கூட்டியே எடுத்தால் ரயில் 22,000. காலையில் பேக்கரி, மதியம் உணவகங்களின் நிர்ணய விலைச் சாப்பாடு, இரவு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ் என்றால் 12 நாளுக்கு 75,000. நல்ல சாப்பாட்டை மதியத்துக்கு வையுங்கள்; அதே உணவகத்தில் இரவு விலை வேறு. நுழைவுச்சீட்டு, மெட்ரோ 37,000. கைச்செலவுக்கு 26,000. மொத்தம் 4.5 லட்சம்.

2.8 லட்சத்தைத் தொடாமல் வைத்தால் குறைவது 1.7 லட்சம். 48 மாதம் தவணையாகக் கட்டத் தயாராக இருந்த அதே 14,000 ரூபாயை 12 மாதம் ஆர்.டி.யில் போடுங்கள். 1.68 லட்சம், வட்டி தனி. அதாவது வரும் மே இல்லை, அதற்கடுத்த மே. கடன் வாங்கிப் போனால், நீங்கள் திரும்பி வந்து மூன்று வருடம் ஆகியும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த ஒரு வருடத்துக்குள் யாராவது ஸ்மால் கேப் ஃபண்டு (சிறிய நிறுவனப் பங்குகளில் போடுவது), வெளிநாட்டு ஃபண்டு என்று வருவார்கள். அடுத்த வருடச் செலவுக்கான பணத்துக்கு அங்கே வேலை இல்லை. ‘இப்போது பற, பிறகு கட்டு’ வகையறாவும், ‘நோ காஸ்ட்’ தவணையும் கண்ணில் பட்டால், மொத்தமாகப் பணம் கட்டினால் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பல இடங்களில் வட்டி அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கும்.

தம்பி விஷயம். ‘இல்லை’ என்று சொல்ல உங்களால் முடியாது. ஏழு வருடக் கணக்கே சாட்சி. அதனால் சொல்ல வேண்டிய நிலையே வராமல் செய்யுங்கள். 2.8 லட்சத்தைக் கணவர் பெயரும் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் ஒரு வருட எஃப்.டி.யாகப் போடுங்கள். தம்பிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் மாதச் சம்பளத்திலிருந்து 20,000, ஒரே முறை, அன்பளிப்பாக. கைமாற்று என்று சொல்லாதீர்கள். பழைய 3.9 லட்சத்துக்கு மாதம் 3,000 வீதமாவது திருப்பச் சொல்லி அவனையே கைப்பட எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறானா என்பதிலேயே கடையின் நிலைமை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சில்லறை விஷயங்கள். விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். திடீரென்று வந்து விழுந்த கடன் தொகையைவிட நிதானமாக வளர்ந்த இருப்பு நல்லது. விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால், யூரோ. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். மே 1 அன்று மூன்றுமே கிடையாது. லூவரில் 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் போக இலவசம்.

டிராவல்ஸில் முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், இந்த வாரமே போய் எழுத்தில் ரத்து செய்யுங்கள். ஐயாயிரம் பத்தாயிரம் பிடித்துக்கொண்டாலும் தகராறு செய்யாமல் வந்துவிடுங்கள்.