அம்புலன்ஸ் வேலையும் ஆமியும் ஒன்றா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். மகன், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலங்கையின் இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவில் சேரப் போகிறேன் என்கிறார். ‘அதுவும் ஆமிக்குப் போற மாதிரித்தானே, உயிருக்கு உத்தரவாதம் இல்லை’ என்று நீங்கள் தடுக்கிறீர்கள். இதற்கிடையில் அவருடைய கூட்டாளி ஒருவர், ரஷ்யாவில் படைக்குப் பின்னால் நின்று சாமான் ஏற்றும் வேலை இருக்கிறது, ஆபத்து எந்த வேலையில்தான் இல்லை, அங்கே சம்பளமாவது நல்லாக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கவனித்தீர்களா, நீங்களும் அந்தக் கூட்டாளியும் போடுவது ஒரே கணக்கு. ஆபத்து என்று வந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறீர்கள். அந்தக் கணக்கு பிழை.

அம்புலன்ஸ் வேலையில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் இரவில் பனிமூட்டத்துக்குள் வண்டி போக வேண்டும். பல லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வண்டி போகவே போகாது. மேல் ரோட்டில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரோடு படி இறங்க வேண்டும். மழை நாளில் அந்தப் படி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதுகு பிடிக்கும், தூக்கம் கெடும், நோய் தொற்றலாம், குடிவெறியில் இருப்பவர் கை நீட்டலாம்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து நாலைந்து பேரைக் கொட்டிவிட்டது, ஒருவர் மயங்கிவிட்டார் என்று 1990க்கு அழைப்பு போகிறது. வண்டியில் வருவது ஒரு சாரதியும், அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவரும். இறங்கியதும் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை. நோயாளி அதற்கு அடுத்துத்தான். குளவி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே ஓடக்கூடாது. தள்ளி நின்று, ஆட்களை அங்கிருந்து வெளியே கொண்டுவர வழி பார்த்து, அப்புறம்தான் ஒட்சிசனும் மற்றதும். உதவிக்குப் போனவரும் கொட்டு வாங்கி விழுந்தால் அவரைத் தூக்க வேறு ஆள் தேட வேண்டும். இப்படித் தள்ளி நிற்பதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.

மின்சார சபை லைன் வேலைக்காரரும் அப்படித்தான். காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கும். ஊரே இருட்டில் நின்று சத்தம் போடும். லைன் நிறுத்தப்பட்டது உறுதியாகி, கம்பியை நிலத்தோடு இணைத்து எர்த் போட்ட பிறகுதான் கம்பத்தில் கை வைக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. யார் அவசரப்படுத்தினாலும் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல அவரால் முடியும்.

போர்முனையில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே எதிரே இருப்பவர் உங்கள் பிள்ளையைக் கொல்வதற்கென்றே திட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போ என்றால் போக வேண்டும். நாம் பேசத் தயங்கும் இன்னொரு விஷயமும் உண்டு: உங்கள் பிள்ளையும் கொல்ல வேண்டிவரும். 2006 ஜூலையில் தொடங்கி 2009 மே வரை நடந்த கடைசிக் கட்டப் போரில் மட்டும் 6,261 படையினர் இறந்தார்கள், 29,551 பேர் காயப்பட்டார்கள் என்று அரசாங்கமே சொன்னது. முழுதாக மூன்று வருடம்கூட இல்லை. அதுவும் ஒரு பக்கத்துச் சீருடைக் கணக்கு மட்டும்தான். வன்னியில் செத்த சனங்கள் அதில் சேரவில்லை. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எந்த அம்புலன்ஸ் சேவையும் மறுநாள் வண்டியை வெளியே எடுக்க முடியாது.

விலகுவதையும் யோசியுங்கள். அம்புலன்ஸ் வேலை ஒத்துவரவில்லை என்றால் முறைப்படி கடிதம் கொடுத்துவிட்டு வரலாம். படையில் இருந்து அனுமதி இல்லாமல் வீட்டுக்கு வந்தவரைத் தேடிப் பிடிப்பார்கள். 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை இப்படி வந்தவர்களுக்கென்றே பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தார்கள்.

இதைச் சொல்வதால் படையில் இருப்பவர்களைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது சேற்றைத் தோண்டியவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஆனால் தொழில் என்று பார்த்தால் அந்த வாசல் சிறுத்துக்கொண்டு வருகிறது. 2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சம் பேராகக் குறைக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

என் பெரிய கவலை ரஷ்யாதான். இலங்கையர் 554 பேர் ரஷ்யப் படையில் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025இன் தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்னார். பத்துப் பேரில் ஒருவருக்கும் மேல். போனவர்கள் பலருக்குச் சொல்லப்பட்டதும் இதே ‘பின்னால் நிற்கும் வேலை’தான். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டதும் கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு முன்னரங்கம். கூட்டாளி சொல்லும் ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, மகன் இப்போது என்ன செய்யலாம்? சுவசெரிய 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுதும் வந்த சேவை. 2018இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அவர்கள் ஆள் எடுக்கும்போது கேட்கும் தகுதியை அந்த விளம்பரத்தில் இருந்தே படியுங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதுவரை செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென்ற் ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி ஒன்றை முடிக்கட்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர் என்றால் தாதியர் பயிற்சியையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுவேன். மூன்று வருடப் பயிற்சி, கொடுப்பனவும் உண்டு, பதுளையிலும் கண்டியிலும் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. என்னைக் கேட்டால் நீண்ட காலத்துக்கு அதுதான் உறுதியான வழி. அரசாங்க வேலை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை கெசட்டைத் தவறாமல் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

சிங்களம் பேச மட்டும் தெரிந்தால் போதாது, எழுதவும் வேண்டும். தமிழ் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நெஞ்சு எப்படி வலிக்கிறது என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாத ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு, வண்டியில் வந்து இறங்குபவர் தமிழ் பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

மகனை அடுத்த முறை உங்களோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளையும் எடுத்து வரட்டும். அதற்கு முன்னால் ஒரு காரியம்: அந்தக் கூட்டாளியிடமோ ஏஜென்சிக்காரரிடமோ பாஸ்போட்டைக் கொடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.