புயல் கூண்டு என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

படம், சொல், குரல், சைகை எல்லாம் சேர்ந்து எப்படிப் பொருள் தருகின்றன என்பதைக் களத்தில் சோதிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி (எம்.ஏ. மாணவி, கடலூர் முதுநகர்): சார், துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு பற்றி ஆய்வு செய்கிறேன். ‘கூண்டைப் பார்த்தாலே மக்களுக்கு அபாயம் புரிந்துவிடுகிறது’ என்று எழுதினேன். கைடு ‘யார் சொன்னது?’ என்கிறார்.

பதில்: கைடு கேட்டது நியாயம்தானே அம்மா! உங்களுக்குப் புரிந்ததை ஊருக்கே புரிந்ததாக எழுதிவிட்டீர்கள். சிலருக்குக் கூண்டின் வடிவத்தை மட்டும் காட்டுங்கள். சிலருக்கு ‘மூன்றாம் எண் கூண்டு’ என்ற செய்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். மற்றவர்களுக்கு இரண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரியுதும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘இதைப் பார்த்தால் நாளைக்குப் போட்டை எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள்.

11ஆம் எண்ணையும் சேருங்கள். அது காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். 10ஐவிடப் பெரிய புயல் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், வடிவத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிக்கிறவர்கள் யாரென்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது போங்கள், வலையைச் சரிசெய்தபடியே நிதானமாகப் பேசுவார்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர், காலாப்பட்டு): மீன் ஏல வீடியோவை 100 துண்டாக்கி, ‘கை விலையைக் காட்டுகிறதா?’ என்று நானும் நண்பரும் தனித்தனியாகக் குறித்தோம். 80 துண்டுகளில் ஒத்துப்போகிறது. போதுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன் தம்பி. இருவரும் தலா 10 துண்டுகளுக்கு ‘ஆம்’ போட்டிருக்கிறீர்கள், ஆனால் ஒரு ‘ஆம்’கூட ஒரே துண்டில் விழவில்லை! ஒத்துப்போன 80உம் ‘இல்லை’தான். கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் குறித்திருந்தாலே 82 ஒத்துப்போகும் (0.9×0.9 + 0.1×0.1). 1960இல் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் தந்த ‘கப்பா’ என்ற ஒப்புமை அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிடும். உங்களுக்கு மைனஸ் 0.11 வருகிறது. ஏலத்தில் விரல் விலையைக் காட்டுவதும் உண்டு, ஆளைச் சுட்டுவதும் உண்டு. ‘விலையைக் காட்டுவது’ என்றால் என்ன என்று இருவரும் உட்கார்ந்து எழுதி வையுங்கள். அப்புறம் புது வீடியோவில் மறுபடி குறியுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் தரும் ‘ஈலான்’ இலவச மென்பொருள். பேச்சையும் கையசைவையும் ஒரே நேரக்கோட்டில் அடுக்கலாம்.

கேள்வி (காட்சித் தொடர்பியல் மாணவர், நெய்வேலி): கண் அசைவைப் பதியும் கருவி வாங்க வசதியில்லை. கருவி இல்லாமல் ஆய்வு செல்லுபடியாகுமா?

பதில்: தாராளமாகச் செல்லுபடியாகும். அந்தக் கருவி பார்வை எங்கே தங்கியது என்று சொல்லும், என்ன புரிந்தது என்று சொல்லாது. சோவியத் ஆய்வாளர் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வேறு வேறு கேள்விகள் கேட்டார். கேள்விக்கேற்பக் கண்ணின் பாதை மாறியது. ஆகவே கேள்வியை முதலில் தயார் செய்யுங்கள். ‘இடப்பக்கம் இருப்பது ஏற்கெனவே தெரிந்தது, வலப்பக்கம் இருப்பது புதியது’ என்று காட்சி மொழி ஆய்வாளர்கள் கிரெஸ்ஸும் வான் லீவனும் 1996இல் சொன்னதைச் சோதிக்க, போஸ்டரை இடவலமாக மாற்றி அச்சடித்தாலே போதும். அதற்கு ஆகிற செலவு ஜெராக்ஸ் காசு.

கேள்வி (இல்லத்தரசி, முத்தியால்பேட்டை): தெருப்பலகையில் தமிழும் பிரெஞ்சும் இருக்கிறதே, எழுத்தின் அளவை அளந்தால் எது முக்கியம் என்று தெரியுமா?

பதில்: பலகை வைத்தவருக்கு எது முக்கியம் என்று ஊகிக்கலாம். படிப்பவரைப் பற்றித் தெரிய, பலகைக்குக் கீழே நின்று ஆட்டோக்காரரிடம் வழி கேளுங்கள். அவர் பெரும்பாலும் பலகையைப் பார்க்கவே மாட்டார்.