அவர்களும் அணிவகுத்தார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த மாணவர் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மாணவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் சீனப் பத்திரிகையாளர்களுக்கு ஏன் இவ்வளவு பரிவு? அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்கள்தானே அவர்கள்? இன்னொன்று, 1989இல் எல்லார் கையிலும் செல்போன் இருந்திருந்தால் அரசு எதையாவது மறைத்திருக்க முடியுமா?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

சம்பளம் வாங்கியது உண்மை. வாசித்ததும் உண்மை. ஆனால் போராட்டம் நடந்த அந்த ஏழு வாரத்தில் அவர்கள் செய்தது அது மட்டுமல்ல.

ஏப்ரல் 15 அன்று, சீர்திருத்தம் பேசியதால் மாணவர்கள் மதித்த முன்னாள் கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங் இறந்தார். அவருக்கான அஞ்சலியில்தான் போராட்டம் தொடங்கியது. ஷாங்காயிலிருந்து வந்த 'வேர்ல்ட் எகனாமிக் ஹெரால்ட்' வார இதழ் அவருக்கு அஞ்சலியாகப் பல பக்கங்கள் தயாரித்தது. சில பகுதிகளை நீக்கச் சொன்னார் ஷாங்காய் கட்சிச் செயலாளர் ஜியாங் ஜெமின். ஆசிரியர் சின் பென்லி மறுத்துவிட்டார். வயது எழுபதைத் தாண்டியவர், கட்சியின் பழைய உறுப்பினர். ஏப்ரல் 26 அன்று அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே நாள் கட்சி நாளேடான 'பீப்பிள்ஸ் டெய்லி'யின் தலையங்கம் மாணவர் போராட்டத்தைத் திட்டமிட்ட கலகம் என்றது. முந்தின நாள் மாலையே அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாசித்துவிட்டார்கள். மேலே ஒருவர் முடிவெடுத்தால் நாடு முழுக்க ஒரே வாக்கியம் ஒலிக்கும். செய்தியைக் கட்டுப்படுத்துவது என்றால் இதுதான்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். மே 4 பேரணியில் நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்கள் மாணவர்களோடு நடந்தார்கள். எங்களைப் பொய் சொல்ல வைக்காதீர்கள் என்று பதாகை பிடித்தார்கள். சின் பென்லிக்குப் பதவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கையெழுத்திட்ட மனு போனது. பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் மறைக்காமல் ஒரு கம்யூனிஸ்ட் நாட்டில் இப்படிக் கையெழுத்துப் போடுவது லேசான காரியமா? மே மாதத்தின் நடுவில் சில நாட்கள் பிடி தளர்ந்தது. உண்ணாவிரதம் இருந்த மாணவர்களை அரசுத் தொலைக்காட்சியே காட்டியது. மே 20 அன்று ராணுவச் சட்டம் வந்ததும் அந்தக் கதவும் மூடியது.

ஜூன் 4, இரவுச் செய்தி. ராணுவம் பெய்ஜிங் தெருக்களில் மக்களைச் சுட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. அரசுத் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர்கள் டூ சியான், ஷுவே ஃபெய் இருவரும் கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தார்கள். கையில் இருந்தது அரசு எழுதிக் கொடுத்ததுதான். அதை மெதுவாக, இழவு வீட்டில் பேசுவதுபோல வாசித்தார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை, ஆனாலும் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. இருவரையும் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்கள் என்கிறீர்களே, அதை வாசித்தே வேலையை இழந்தவர்கள் இவர்கள்.

இனி செல்போன். உங்கள் நம்பிக்கையை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. படம் இருந்தால் உண்மை தப்பிக்கும் என்கிறீர்கள். அன்றும் படம் இருந்தது. பெய்ஜிங் தெருவில் ஒருவர், தான் பார்த்த சாவுகளைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசியிடம் கைகளை வீசி ஆவேசமாகப் பேசினார். அந்தப் பதிவு செயற்கைக்கோள் வழியாகப் போகும்போது சீன அரசு அதை நடுவழியில் பிடித்துக்கொண்டது. பிறகு தன் செய்தியிலேயே அவர் முகத்தைக் காட்டி, வதந்தி பரப்புகிறவர், அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று அறிவித்தது. சீக்கிரமே ஆள் பிடிபட்டார். பத்து ஆண்டு சிறை. கேமராவுக்கு முன்னால் பேசியதைத் தவிர அவர் செய்த குற்றம் வேறொன்றும் இல்லை. செல்போன் இருந்திருந்தால் அரசின் கையில் இன்னும் எத்தனை முகங்கள் சிக்கியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.