பில்லின் அடியில் அச்சாகும் சேமிப்பு

கேள்வி: மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார். ஃபோனில் வரும் விளம்பரங்களைப் பார்த்து, எந்த சுப்பர் மார்க்கெட்டில் எது மலிவு என்று தேடி, சனிக்கிழமை தோறும் ஹட்டனுக்குப் போகிறேன். பில்லின் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று 400, 500 ரூபா காட்டுகிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தோட்டத்துக் கடைக் கொப்பியிலும் கடன் குறையவில்லை. வீட்டில் 'ஹட்டன் போக உனக்கொரு சாட்டு' என்கிறார்கள். எங்கே பிழை?

பதில்: சகோதரி, நீங்கள் தேடியதில் பிழையில்லை. பில்லின் அடியில் இருக்கும் அந்தத் தொகையை நம்பியதில்தான் பிழை. அது எப்படி வருகிறது என்று பாருங்கள். பொதியில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலையிலிருந்தோ, அந்தக் கடையின் வழமையான விலையிலிருந்தோ ஓஃபர் விலையைக் கழிக்கிறார்கள். அதே சாமானை அரசாங்கத்தின் சதொச கடையிலோ மொத்தக் கடையிலோ நீங்கள் என்ன விலைக்கு வாங்கியிருப்பீர்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. பஸ் காசும் இல்லை. அந்தச் சாமான் உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதும் இல்லை. 120 ரூபா கழிவு என்று 480 ரூபாவுக்கு ஒரு பெட்டி கோர்ன் ஃபிளேக்ஸ் வாங்கினால், பில்லில் 120 ரூபா சேமிப்பு. உங்கள் பணப்பையில் 480 ரூபா செலவு.

உங்கள் கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கிழமைக்குக் கிழமை மாறுவதால் இங்கே தரும் எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குப் பருப்பு 3 கிலோ, சீனி 4 கிலோ, தேங்காய் எண்ணெய் 3 லீற்றர், 400 கிராம் பால்மா 3, சவர்க்காரம் 6, டின்மீன் 4 என்று வைப்போம். வழக்கமாக வாங்கும் கடையை விட ஓஃபரில் பருப்பு கிலோவுக்கு 20 ரூபா குறைவு, சீனி 15, எண்ணெய் லீற்றருக்கு 80, பால்மா பொதிக்கு 30, சவர்க்காரம் 10, டின்மீன் 40. எல்லாம் கூட்டினால் மாதத்துக்கு 670 ரூபா மிச்சம். நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் போக 120, வர 120 என்றால் ஒரு பயணத்துக்கு 240. ஒரே பயணத்தில் வாங்கினால் 430 ரூபா உண்மையாகவே கையில் நிற்கும். அதே சாமானை நான்கு சனிக்கிழமையில் பிரித்து வாங்கினால் பஸ்ஸுக்கு மட்டும் 960. 670-இல் 960 போனால் 290 ரூபா நட்டம். பிள்ளையைக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுக்கும் பற்றீஸும், மூட்டையோடு பஸ் ஏற முடியாமல் பிடிக்கும் ஓட்டோவும் இதில் சேரவில்லை. ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இழந்திருந்தால், அந்த மாத ஓஃபர் எல்லாம் சேர்ந்தாலும் அதை ஈடுகட்டாது.

ஆகவே முதல் மாற்றம் இதுதான்: ஓஃபருக்காக ஹட்டன் போகாதீர்கள். வேறு வேலைக்கு எப்படியும் போகும் நாளில் ஓஃபரைப் பாருங்கள். சம்பளம் கைக்கு வந்த பிறகு, வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும் ஒரு நாள் போதும். 'அடுத்த கிழமை முடிந்துவிடுமே' என்ற பயம் வேண்டாம். சவர்க்காரம், ஷாம்பு, சோயா மீட், பிஸ்கட் போன்றவை சில கிழமைக்கு ஒரு முறை மாறி மாறி ஓஃபரில் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது ஒரு கொப்பி. கடைக்காரரிடம் இருக்கும் கடன் கொப்பியைச் சொல்லவில்லை. உங்களுடைய விலைக் கொப்பி. வீட்டில் அதிகம் காசு தின்னும் பத்துப் பன்னிரண்டு சாமானுக்கு ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, கடை, நிறை, விலை, கடைசி நிரலில் கிலோ விலை. அந்தக் கடைசி நிரல்தான் முக்கியம். பொதியின் விலையைப் பொதியின் விலையோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் நிறைகள் வெவ்வேறு. 400 கிராம் பால்மாவின் விலையை இரண்டரையால் பெருக்கினால் ஒரு கிலோ விலை வரும். அதை ஒரு கிலோப் பொதியின் விலையோடு வைத்துப் பாருங்கள். பெரிய பொதி எப்போதும் மலிவு என்று எண்ண வேண்டாம். சிறிய பொதி ஓஃபரில் இருக்கும் கிழமையில் அது தலைகீழாகும். சவர்க்காரத்தில் உறையின் நிறத்தை விட்டு நிறையைப் பாருங்கள். விலையைக் கூட்டாமல் கட்டியின் நிறையைக் குறைத்துவிடுவது இப்போது பல பொருளிலும் நடக்கிறது. டின்மீனில் இரண்டு நிறைகள் அச்சிட்டிருக்கும்: மொத்த நிறையும், தண்ணீர் வடித்த பின் மீனின் நிறையும். 425 கிராம் டின் இரண்டில் எதில் மீன் கூட என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும்.

தேங்காய் எண்ணெயில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சுப்பர் மார்க்கெட்டில் லீற்றர் கணக்கு. சில்லறைக் கடையில் போத்தல் கணக்கு. ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். மொத்தக் கடையில் கிலோ கணக்கு. லீற்றர் 1,150, போத்தல் 900, கிலோ 1,230 என்றால் கண்ணுக்குப் போத்தல்தான் மலிவாகத் தெரியும். போத்தல் விலையை மூன்றால் பிரித்து நான்கால் பெருக்குங்கள்: லீற்றருக்கு 1,200. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்; ஆகவே கிலோ விலையை 0.92-ஆல் பெருக்குங்கள்: லீற்றருக்கு 1,132. விலை கூடியதாகத் தெரிந்த கிலோ எண்ணெய்தான் மூன்றிலும் மலிவு. இன்னொன்று: தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். மஸ்கெலியாக் குளிரில் உறைந்து வெள்ளையாவது கலப்படத்தின் அடையாளமல்ல, கெட்டுப்போனதும் அல்ல. ஆனால் பாதி உறைந்த எண்ணெயைப் போத்தலால் அளந்தால் அளவு சரியாக வராது. குளிர் நாட்களில் உதிரி எண்ணெயை நிறுத்துத்தான் வாங்க வேண்டும்.

கொப்பி இரண்டு மாதம் ஓடினால் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். மூட்டையாக வரும் அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா ஆகியவற்றில் டவுன் மொத்தக் கடையும் சதொசவும் பெரும்பாலும் சுப்பர் மார்க்கெட்டை வெல்லும். கம்பனிப் பெயர் போட்ட சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை, டின்மீன், சோயா ஆகியவற்றில் சுப்பர் மார்க்கெட் ஓஃபர் வெல்லும். பால்மா இரண்டு பக்கமும் சாயும். அரிசிக்கு அரசாங்கம் அவ்வப்போது உச்ச விலை குறிக்கிறது. 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரி சம்பா 260 என்று வர்த்தமானியில் வந்தது. இப்படிக் குறித்த விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்க முடியாது. 'கழிவு' என்று போட்டிருப்பது வெறும் உச்ச விலையாகவும் இருக்கலாம். சீனி, பருப்பு, கிழங்கு, பெரிய வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி வரி ஒரே இரவில் மாறும். ஆகவே மூன்று மாதத்துக்கு முந்திய விலையை வைத்து இன்றைய ஓஃபரை எடைபோட வேண்டாம்.

மரக்கறிக்கு சுப்பர் மார்க்கெட் வேண்டாம். கரட்டும் லீக்ஸும் கோவாவும் நம் மலையில் விளைபவை. சந்தை நாளில், மத்தியானத்துக்குப் பிறகு வாங்குங்கள். வாடும் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோக வியாபாரிக்கு மனம் வராது. வங்கி அட்டைக்கு மரக்கறி, பழம், இறைச்சியில் 20, 25 சதவீதம் கழிவு என்று வருபவை பெரும்பாலும் கடனட்டை வைத்திருப்பவர்களுக்கானவை. குறித்த நாள், ஆகக்குறைந்த பில் தொகை, ஆகக்கூடிய தொகை என்று நிபந்தனைகள் இருக்கும். அட்டைக் காசை முழுமையாக, தவணைக்குள் கட்டாவிட்டால் ஏறும் வட்டி அந்தக் கழிவை விழுங்கிவிடும்.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதில் மலைநாட்டுக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு: அது லயத்து அறையில் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. சுவர் நனையும், அடுப்படியைத் தவிர வேறெங்கும் காயாது. பிரித்த கோதுமை மா அந்த ஈரத்தில் கட்டியாகும், புளித்த வாடை வரும். மூன்று நான்கு கிழமைக்குள் முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம். செத்தல் மிளகாய்தான் மிக மோசம். காம்படியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மிளகாயைக் கழுவிக் காய வைத்தாலும் நஞ்சு போகாது, எறியத்தான் வேண்டும். கருவாட்டின் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். பருப்பும் அரிசியும் தாங்கும், ஆனால் சீமெந்துத் தரையில் சாக்கை வைக்கக் கூடாது. பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். பழைய அரிசி முடிந்து, வாளியைத் துடைத்துக் காய வைத்த பிறகுதான் புதியதைக் கொட்ட வேண்டும். அடியில் கிடக்கும் பழசிலிருந்துதான் வண்டு ஏறுகிறது. தயங்காமல் கூடுதலாக வாங்கக்கூடியது சவர்க்காரம். உறையைப் பிரித்து அடுப்புக்கு மேல் தட்டில் அடுக்கினால் காய்ந்து இறுகும். இறுகிய கட்டி மெதுவாகக் கரையும்.

கவுண்டரில் கவனிக்க வேண்டியவை சில. ஓஃபர் ஒரே ஒரு நிறைக்கும் ஒரே ஒரு வகைக்கும்தான் இருக்கும். பக்கத்துத் தட்டில் இருப்பதை எடுத்தால் முழு விலை விழும். 'ஒரு பில்லுக்கு 2' என்று சிறிய எழுத்தில் இருக்கும்; மூன்றாவதுக்கு வழமையான விலை. ஞாயிற்றுக்கிழமை முடிந்த ஓஃபரின் சீட்டு திங்கட்கிழமையும் தொங்கும். தட்டில் உள்ள விலைச்சீட்டை ஃபோனில் படம் எடுங்கள், திரையில் விலை விழும்போது பாருங்கள், காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள். அங்கத்தவர் விலை என்றால் இலக்கத்தை முதலிலேயே சொல்லுங்கள்; பில் முடிந்த பிறகு சேர்ப்பது பல இடங்களில் முடியாது. பையைக் கையோடு கொண்டுபோங்கள், பைக்கும் காசு எடுக்கிறார்கள்.

பயணச் செலவை இன்னும் குறைக்கவும் வழி உண்டு. உங்கள் லயத்தில் மூன்று வீடு சேர்ந்தால் மாதம் ஒருவர் போனால் போதும். பஸ் காசை மூன்றாகப் பிரியுங்கள், பில்லை வீட்டுக்கு வீடு தனியாகப் போடச் சொல்லுங்கள். கணக்குச் சண்டை வராது, 'ஒரு பில்லுக்கு 2' என்ற எல்லையும் மூன்று மடங்காகும். ஹட்டன் போவது சாட்டு என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. விலைக் கொப்பியை மேசையில் வைத்து, பஸ் காசு கழித்த தொகையைக் காட்டுங்கள்.

தோட்டத்துக் கடைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் காசு அதிகம் போவது அங்கேதான். கடனுக்கு விற்பவர் தன் காசைப் பல கிழமை முடக்குகிறார். அதற்குரியதை விலையில் சேர்க்கிறார். ஒரே சாமானின் காசு விலையையும் கொப்பி விலையையும் கேட்டு எழுதுங்கள். வித்தியாசம் ஐந்து சதவீதம் என்றால் 20,000 ரூபாக் கொப்பியில் மாதம் ஏறத்தாழ 1,000 ரூபா. எந்த ஓஃபரும் உங்களுக்கு இவ்வளவு தருவதில்லை. ஆனால் பொதியில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் வாங்க அவருக்கு உரிமையில்லை, கடனுக்குக் கொடுத்தாலும், 'லொறிக் கூலி' என்றாலும் சரி. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும், விலைப்பட்டியலும் பார்வைக்கு இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இவற்றுக்காகவே இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம். முதலில் அவரிடமே நேரில் பேசுங்கள், அவசரத்துக்கு அரிசி தருபவர் அவர்தான்.

கொப்பியை ஒரே மாதத்தில் மூட முயல வேண்டாம். ஹட்டன் பயணத்தில் மிஞ்சும் 430 ரூபாவை வேறெதற்கும் எடுக்காமல் நேரே பழைய கடனில் கட்டுங்கள். அதோடு மாதம் ஒரு சாமானைக் கொப்பியிலிருந்து வெளியே எடுத்துக் காசுக்கு வாங்குங்கள். முதலில் சவர்க்காரமும் டின்மீனும், பிறகு எண்ணெய், அதன் பிறகு பால்மா. அரிசியும் மாவும் கடைசியாக.