எந்தப் பக்கம்?

அன்புள்ள ஐயா,

போச்சம்பள்ளிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, மாந்தோப்பும் கிணறும் உள்ள நிலத்தைத் தொடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். "சிவப்புத் துண்டு போட்டுக்கொள்" என்றார்கள். சில மாதம் கழித்து, தொழிற்சாலை வேலை வந்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் கையில் சொந்தப் பணம் புழங்குகிறது என்றேன். முன்பு என்னோடு நின்றவர்களே "விலைபோய்விட்டான்" என்றார்கள். இரண்டையும் மனமறிந்துதான் சொன்னேன். நான் எந்தப் பக்கம் ஐயா? நீங்கள் எந்தப் பக்கம்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. அப்பன் வைத்த தோப்பு பறிபோகுமோ என்று தூக்கம் கெட்டவரும், ஓசூர் வேலைக்குப் போய் வீட்டுக் கடனை அடைக்கிற மகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு எந்தக் கொடியைக் கட்டுவது?

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று அரூரை அடுத்த வாச்சாத்தி மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். சந்தன மரக் கடத்தலைப் பிடிக்கப் போனதாகச் சொன்னார்கள். "கடத்தல்காரர்கள் ஊர்" என்று பேச்சு பரவியது. நானும் அதை அப்படியே நம்பினேன். சில வாரம் கழித்து, அரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீக்கடையில், எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், சிவப்புக் கட்சிக்காரர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்களுக்கு நடந்ததைச் சொன்னார். குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கள் கட்சிக்காரர்கள் எதற்கும் இப்படித்தான் சொல்வீர்கள் அண்ணா." அவர் பாதி குடித்த டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று ஊருக்குள் நுழைந்த அரசு ஆட்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடந்த காலத்தில் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள் என்பது மெய்ப்பட்டது. டீக்கடையில் அண்ணன் சொன்ன அன்றே அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டியவன் நான். முத்திரை குத்தப்பட்டது அவர்மேல், அடைபட்டது என் காது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தக் கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்காகக் கட்சியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கட்சியும் ஒரு சங்கமும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் அந்த வழக்கு கரையேறியது. தனியாள் எவ்வளவு நேர்மையாக யோசித்தாலும் 19 ஆண்டு நீதிமன்றப் படி ஏற முடியாது. கட்சியில் இருங்கள், உழையுங்கள். ஆனால் உங்களுக்காக யோசிக்கிற வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1937இல் முதலமைச்சராகிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றவரும் அவர். காங்கிரசே 'வெள்ளையனே வெளியேறு' என்றபோது கூடாது என்றார். காங்கிரசை எதிர்த்து 1967இல் திமுகவோடு கைகோத்தார். 1953இல் அவர் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை நான் அன்றும் இன்றும் ஏற்றதில்லை. அது ஏழைப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்திருக்கும். ஆனால் இந்தி விஷயத்தில் தன் பழைய நிலையைத் தானே எதிர்த்து நிற்கிற துணிவு என்னை இழுக்கிறது. இதைச் சொன்னால் ஒருவர் என்னைப் பார்ப்பனர் அடிவருடி என்கிறார், முன்னதைச் சொன்னால் இன்னொருவர் திராவிடக் கூலி என்கிறார். ஒரு மனிதரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச இடமில்லாத நாடாகிவிட்டோமே என்று வயிறு எரிகிறது.

இன்னொன்று. நடுவில் நிற்பதைச் சுயசிந்தனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாச்சாத்தியில் நடு என்று ஓர் இடம் கிடையாது. உங்கள் தோப்பு விஷயத்திலும் கடைசியில் ஏதோ ஒரு பக்கம் கை தூக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 2 கிராமசபைக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நிலத்தை நடந்து பாருங்கள். எத்தனை கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, காய்க்கிற மரம் எத்தனை, தரிசாகக் கிடப்பது எவ்வளவு என்று குறியுங்கள். வேலைக்குப் போகிற பெண்களிடமும் கேளுங்கள்: பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மாதத்தில் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். அந்த நோட்டைப் பார்த்துப் பேசுங்கள், பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். நான் எந்தப் பக்கம் என்று அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.